நீரோ மன்னன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோம் பற்றி எரிந்தபோது பிடில் வாசித்தவன். ரோமானியப் பேரரசன் நீரோவைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது இந்த ஒரு வரிதான். மேடைப் பேச்சிலும் தலையங்கத்திலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வரி சொல்லும் குற்றத்துக்கு உறுதியான சான்று கிடையாது. அவன் செய்த கொலைகளோ அந்த வரிக்குள் வருவதே இல்லை. பிடில் கதை அவனை ஒரு கோமாளியாக்கிவிட்டது. அவன் கையில் செத்தவர்களின் பெயர்களையும் மறக்கடித்துவிட்டது. அவர்களில் சிலரையாவது இங்கே பெயர் சொல்லி நினைவுகூர விரும்புகிறேன்.

ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தானா, இல்லையா?

இல்லை. பிடில் என்ற கருவி ஐரோப்பாவுக்கு வந்ததே பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். நீரோ வாசித்தது கித்தாரா. நம் யாழைப் போன்ற நரம்புக் கருவி.

கி.பி. 64, ஜூலை 18 இரவு. தேரோட்டப் பந்தயம் நடக்கும் சர்க்கஸ் மாக்சிமஸ் மைதானத்தை ஒட்டிய கடைகளில் தீ பிடித்தது. அப்போது நீரோ ரோமிலேயே இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, கடற்கரை ஊரான ஆன்டியத்தில் இருந்தான். செய்தி கேட்டுத் திரும்பி வந்தான். வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தற்காலிகக் குடில்கள் போட்டான், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து உணவு வரவழைத்தான், தானிய விலையை மூன்று செஸ்டெர்ஸ் காசாகக் குறைத்தான். இதையெல்லாம் எழுதியிருப்பவர் டாசிட்டஸ், நீரோவை அடியோடு வெறுத்த வரலாற்றாசிரியர். வேண்டாதவரே எழுதிவைத்திருப்பதால் இதை நம்பலாம்.

அதே டாசிட்டஸ்தான் ஒரு வதந்தியையும் குறிக்கிறார்: ஊர் எரிந்த நேரத்தில் நீரோ தன் வீட்டு மேடையில் ஏறி டிராய் நகரத்தின் அழிவைப் பாடினானாம். அவர் அதை வதந்தி என்றே சொல்கிறார். அவருக்குச் சற்றுப் பின்னால் எழுதிய சூட்டோனியஸ், மைசீனஸ் தோட்டத்துக் கோபுரத்தில் நின்று பாடினான் என்று நேரில் பார்த்தவரைப் போல எழுதிவிட்டார். தீ நடந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு எழுதிய காசியஸ் டியோவிடம் அது அரண்மனைக் கூரையாகிவிட்டது. பாடிய இடம் ஆளுக்கு ஆள் மாறுவதைப் பார்த்தாலே கதை எப்படி வளர்ந்தது என்று தெரிகிறது.

அப்படியானால் தீ வைத்தது யார்?

யாரும் வைத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. கோடைக்காலம், காற்று, எண்ணெயும் துணியும் குவிந்த கடைகள், குறுகிய தெருக்கள், மரச் சட்டங்களால் உயர்ந்த அடுக்கு வீடுகள். ரோம் அதற்கு முன்னும் எரிந்திருக்கிறது, பின்னும் எரிந்தது. ஆனால் இந்தத் தடவை ஆறு நாள் எரிந்து அடங்கியது போலிருந்து, நீரோவின் நெருங்கிய அதிகாரி டைகெல்லினஸின் நிலத்தில் மறுபடி மூண்டது. சந்தேகம் அங்கேதான் வேர் பிடித்தது. நகரத்தின் 14 வட்டாரங்களில் 3 முழுக்க அழிந்தன, 7 பெருஞ்சேதம் அடைந்தன, 4 மட்டுமே தப்பின.

எரிந்த இடத்தில் பெரும்பகுதியைப் பொன்மாளிகை என்ற தன் புது மாளிகைக்காக நீரோ எடுத்துக்கொண்டான். சந்தேகம் உறுதியாக அது போதாதா? அவனுடைய சொந்த அரண்மனையும் அந்தத் தீயில் போனது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கிறிஸ்தவர்களை அவன் எரித்தானா?

டாசிட்டஸ் சொல்வதைப் பார்த்தால் ஆம். பழி தன் மேல் விழுவதைக் கண்ட நீரோ, அப்போது ரோமில் சிறு கூட்டமாக இருந்த கிறிஸ்தவர்கள் மேல் அதைத் திருப்பினான். விலங்குத் தோலைப் போர்த்தி நாய்களை ஏவிக் கடிக்கவிட்டார்கள். சிலுவையில் அறைந்தார்கள். பொழுது சாய்ந்ததும் சிலரை எரியவிட்டு, அரசனின் தோட்டத்தில் வெளிச்சத்துக்கு வைத்தார்கள். கிறிஸ்தவர்கள் மேல் டாசிட்டஸுக்குத் துளியும் மதிப்பில்லை. அவரே எழுதுகிறார்: பொது நன்மைக்காக அல்ல, ஒரு மனிதனின் கொடூரத்துக்காக இவர்கள் சாகிறார்கள் என்று மக்களுக்கு இரக்கம் வந்தது. பேதுருவும் பவுலும் இவன் காலத்தில்தான் ரோமில் கொல்லப்பட்டார்கள் என்பது திருச்சபை மரபு.

தீ விஷயத்தில் நீரோவை விடுவிப்பவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

நீரோ எப்படி அரியணைக்கு வந்தான்?

தாயின் திட்டத்தால். கி.பி. 37, டிசம்பர் 15 அன்று ஆன்டியத்தில் பிறந்தபோது அவன் பெயர் லூசியஸ் டொமிஷியஸ் அஹெனோபார்பஸ். தாய் அக்ரிப்பினா பேரரசர் அகஸ்டஸின் கொள்ளுப்பேத்தி, பேரரசன் காலிகுலாவின் தங்கை. அந்த அண்ணனே அவளை நாடு கடத்தினான். கணவன் செத்துப்போனான். குழந்தை அத்தை வீட்டில் வளர்ந்தது. கி.பி. 41-ல் காலிகுலா கொல்லப்பட்டு, அவளுடைய சித்தப்பா கிளாடியஸ் பேரரசரானதும்தான் அவளால் திரும்பி வர முடிந்தது.

கிளாடியஸின் மனைவி மெசலினா கி.பி. 48-ல் கொல்லப்பட்டாள். அடுத்த ஆண்டே அக்ரிப்பினா கிளாடியஸை மணந்தாள். சித்தப்பா அண்ணன் மகளை மணப்பது ரோமானியச் சட்டப்படி முறைகேடு. பிரபுக்களின் அவையான செனட் அதற்காகவே சட்டத்தைத் திருத்திக் கொடுத்தது. 50-ல் கிளாடியஸ் அவள் மகனைத் தத்தெடுத்தார். அன்றுமுதல் அவன் நீரோ. 53-ல் கிளாடியஸின் மகள் ஒக்டாவியாவை அவனுக்கு மணமுடித்தார்கள். கிளாடியஸுக்குப் பிரிட்டானிக்கஸ் என்று சொந்த மகன் இருந்தான். நீரோவைவிட மூன்று வயது சின்னவன். அந்த மூன்று வயதை வைத்துத்தான் அக்ரிப்பினா காய் நகர்த்தினாள்.

கி.பி. 54, அக்டோபர் 13. கிளாடியஸ் இறந்தார். மெய்க்காவல் படைத்தலைவன் பர்ரஸ் நீரோவைப் படைமுகாமுக்கு அழைத்துப் போனான். வீரர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் அறிவித்தார்கள், வீரர்கள் வாழ்த்தினார்கள், செனட் தலையசைத்தது. நீரோவுக்கு 17 வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது.

ரோமில் வாரிசு யார் என்று சொல்லும் சட்டமே கிடையாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். குடியரசு இன்னும் இருக்கிறது என்றே பாவனை செய்துகொண்டிருந்தார்கள். அதனால் அரச ரத்தம் ஓடும் ஒவ்வொரு ஆளும் ஆட்சியில் இருப்பவனுக்கு ஆபத்து. தம்பி, மனைவி, தாய் யாராயிருந்தாலும் சரி. நீரோவின் வீட்டுக் கொலைகள் பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

கிளாடியஸுக்குக் காளானில் விஷம் வைத்தார்கள் என்பது உண்மையா?

பண்டைய ஆசிரியர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார்கள். லொகுஸ்டா என்ற விஷக்காரியின் பெயரையும் சொல்கிறார்கள். கிளாடியஸுக்கு 63 வயது, நோயாளி, இயற்கையாகவும் இறந்திருக்கலாம். நீதிமன்றத்தில் நிற்கும் சான்று இல்லை.

முதல் ஐந்து ஆண்டுகள் நல்லாட்சி என்கிறார்களே?

நிர்வாகம் ஒழுங்காகத்தான் நடந்தது. நடத்தியவர்கள் தத்துவ ஆசிரியர் செனிகாவும் பர்ரஸும். நீரோ செனட்டில் ஆற்றிய முதல் உரையை எழுதியவரே செனிகாதான். ஒருமுறை மரண தண்டனை ஆணையில் கையெழுத்துக் கேட்டபோது, எனக்கு எழுதத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இளைஞன் நீரோ வருந்தினானாம். கி.பி. 58-ல் மறைமுக வரிகளையெல்லாம் ஒழித்துவிடலாமா என்றுகூடக் கேட்டான். அரசாங்கமே திவாலாகும் என்று மூத்தவர்கள் தடுத்தார்கள்.

ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளின் தொடக்கத்திலேயே பிரிட்டானிக்கஸ் செத்தான். கி.பி. 55, பிப்ரவரி. பதினான்காவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு, அரச குடும்பத்து விருந்தில். சுவைபார்ப்பவன் குடித்துப் பார்த்துக் கொடுத்த பானம் சூடாக இருந்தது. ஆற்றுவதற்கு ஊற்றிய தண்ணீரில் விஷம் இருந்தது என்கிறார் டாசிட்டஸ். பையன் பேச்சற்று விழுந்தான். சின்ன வயதிலிருந்தே இந்த வலிப்பு உண்டு என்று சொல்லிவிட்டு நீரோ விருந்துக் கட்டிலில் சாய்ந்தபடியே இருந்தான். விருந்து தொடர்ந்தது. கூடப் பிறந்த அக்கா ஒக்டாவியாவும் அதே பந்தியில் இருந்தாள். துக்கத்தையும் பாசத்தையும் முகத்தில் காட்டாமல் இருக்க அந்தச் சிறு வயதிலேயே அவள் பழகியிருந்தாள் என்று டாசிட்டஸ் எழுதுகிறார்.

இந்தக் கொலையையும் சேர்த்துக்கொண்டு அதை நல்லாட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெற்ற தாயை ஏன் கொன்றான்?

ஆட்சியில் அவள் பங்கு கேட்டாள். தொடக்கத்தில் அடித்த காசுகளில் தாயும் மகனும் எதிரெதிரே முகம் பார்த்து இருப்பார்கள். ஓராண்டுக்குள் அவள் உருவம் காசிலிருந்து மறைகிறது. பிறகு அரண்மனையிலிருந்தும் வெளியேற்றப்பட்டாள். பொப்பேயா என்ற பெண்ணை நீரோ மணக்க விரும்பியதும், அதற்கு அக்ரிப்பினா குறுக்கே நின்றதும்தான் காரணம் என்று டாசிட்டஸ் சொல்கிறார். அவன் பொப்பேயாவை மணந்தது மூன்று ஆண்டு கழித்துத்தான் என்பதால் எனக்கு அந்தக் காரணம் முழுதாகப் பொருந்தவில்லை.

கி.பி. 59, மார்ச். நேப்பிள்ஸ் வளைகுடாவில் உள்ள பாயே ஊருக்குத் தாயை விருந்துக்கு அழைத்தான். சமாதானம் என்று நம்பி வந்தாள். பிரியாவிடை கொடுத்து, அலங்கரித்த கப்பலில் ஏற்றி அனுப்பினான். நடுக்கடலில் ஈயம் ஏற்றிய கூரை இடிந்து விழுந்தது. கூட வந்த ஒருவன் அங்கேயே நசுங்கிச் செத்தான். அக்ரிப்பினா சாய்ந்திருந்த கட்டிலின் உயர்ந்த பக்கங்கள் கூரையைத் தாங்கிக்கொண்டன. தண்ணீரில் விழுந்த தோழி அசெரோனியா, நான்தான் அக்ரிப்பினா, காப்பாற்றுங்கள் என்று கத்தினாள். துடுப்பாலேயே அடித்துக் கொன்றார்கள். அதைப் பார்த்த அக்ரிப்பினாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோளில் காயத்தோடு சத்தமில்லாமல் நீந்தினாள். மீன்பிடிப் படகுகள் அவளைக் கரை சேர்த்தன.

வீட்டுக்குப் போய், ஒன்றும் தெரியாதவள் போல மகனுக்கு ஆள் அனுப்பினாள்: தெய்வ அருளால் பிழைத்தேன், கவலைப்பட வேண்டாம், இப்போது பார்க்க வரவும் வேண்டாம். நீரோ நடுங்கிப் போனான். வந்த தூதுவனின் காலடியில் ஒரு வாளைப் போட்டு, தன்னைக் கொல்ல வந்தவன் என்று பிடித்துக் கட்டினான். கப்பற்படைத் தலைவன் அனிசெட்டஸ் ஆட்களோடு போய் வேலையை முடித்தான். வாளை உருவியவனிடம் அவள் தன் வயிற்றைக் காட்டி, இங்கே குத்து என்றாளாம்.

பிறகு செனட்டுக்கு ஒரு கடிதம் போனது: அக்ரிப்பினா சதி செய்தாள், பிடிபட்டுத் தானே செத்தாள். எழுதிக் கொடுத்தவர் செனிகா. செனட் நன்றி வழிபாடு அறிவித்தது. த்ரேசியா பேட்டஸ் என்ற ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் எழுந்து வெளியே நடந்தார். ஏழு ஆண்டு கழித்து அவரும் சாக வேண்டியதாயிற்று.

மனைவி ஒக்டாவியாவுக்கு என்ன ஆனது?

நீரோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இவளுடையது. தாய் மெசலினா தந்தை கிளாடியஸின் ஆட்சியிலேயே கொல்லப்பட்டாள். தந்தை விஷத்தில் போனார் என்று ஊரெல்லாம் பேச்சு. தம்பி கண்ணெதிரே விழுந்தான். தம்பியைக் கொன்றவனோடு குடும்பம் நடத்த வேண்டியிருந்தது.

கி.பி. 62-ல் மலடி என்று சொல்லி விவாகரத்து செய்தான். குழலூதும் அடிமையோடு தொடர்பு என்று குற்றம் சாட்ட, அவளுடைய பணிப்பெண்களைச் சித்திரவதை செய்தார்கள். பித்தியாஸ் என்ற பணிப்பெண், விசாரித்த டைகெல்லினஸின் முகத்துக்கு நேரே, உன் வாயைவிட என் எசமானியின் உடல் தூய்மையானது என்றாள். ரோம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பொப்பேயாவின் சிலைகளைச் சாய்த்து, ஒக்டாவியாவின் சிலைகளைத் தோளில் சுமந்து வந்து பூச்சூட்டி நிறுத்தினார்கள். நீரோ பயந்தான். தாயைக் கொன்ற அதே அனிசெட்டஸை வரவழைத்து, ஒக்டாவியா என்னோடு இருந்தாள் என்று பொய்ச்சாட்சி சொல்லவைத்தான். அவனுக்குச் சார்டீனியாவில் வசதியான ஓய்வு வாழ்க்கை. ஒக்டாவியாவுக்குப் பண்டாட்டேரியா தீவு.

அங்கே அவளைக் கட்டி, நரம்புகளை வெட்டினார்கள். அச்சத்தில் ரத்தம் மெதுவாக வந்ததால் வெந்நீர்க் குளியலறையின் ஆவியில் மூச்சடைக்கவிட்டார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தாள். தலையைப் பொப்பேயா பார்ப்பதற்காக ரோமுக்குக் கொண்டுபோனார்கள். இதற்கும் செனட் கோயில்களில் நன்றிக் காணிக்கை செலுத்தியது.

கர்ப்பிணியாக இருந்த பொப்பேயாவை உதைத்துக் கொன்றான் என்பது?

கி.பி. 65-ல் அவள் இறந்தாள். கோபத்தில் உதைத்தான் என்று மூன்று ஆசிரியர்களும் எழுதுகிறார்கள். கருச்சிதைவில் இறந்திருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். அவள் இறுதிச் சடங்கில் எரித்த சாம்பிராணி அரேபியாவின் ஓராண்டு விளைச்சலைவிட அதிகம் என்று அந்தக் காலத்திலேயே வாழ்ந்த எழுத்தாளர் பிளினி பதிவு செய்திருக்கிறார்.

செனிகா போன்ற ஞானி ஏன் இதற்கெல்லாம் உடன்பட்டார்?

உள்ளே இருந்தால் ஓரளவு தடுக்கலாம் என்று நினைத்திருப்பார். சில ஆண்டுகள் தடுத்தும் இருக்கிறார். ஆனால் அந்த இடத்தில் இருந்தபடியே பெருஞ்செல்வம் சேர்த்தார். தாய்க்கொலைக்குச் சாக்கு எழுதினார். பர்ரஸ் 62-ல் இறந்ததும் ஒதுங்கப் பார்த்தார். 65-ல் பைசோ என்ற பிரபுவை அரியணை ஏற்றும் சதி வெளிப்பட்டபோது, செனிகாவும் உடந்தை என்று சொல்லிச் சாக ஆணை வந்தது. கலங்காமல் செத்தார். அந்தச் சாவைப் போற்றி எழுதாத நூற்றாண்டு இல்லை.

என் மரியாதை அதே சதியில் சிக்கிய எபிகாரிஸுக்கு. விடுதலை பெற்ற அடிமைப் பெண். மிசேனம் துறைமுகத்துக் கப்பற்படை அதிகாரி ஒருவனைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்து, அவனாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டாள். சாட்டை, தீ, எதற்கும் ஒரு பெயர்கூட அவள் சொல்லவில்லை. மறுநாள் மூட்டுகள் கழன்று நிற்க முடியாததால் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வழியிலேயே மார்க்கச்சையை நாற்காலியில் சுருக்காகக் கட்டி, கழுத்தை நுழைத்து உயிரை விட்டாள். பிரபுக்களும் செனட்டர்களும் சித்திரவதைக்கு ஆளாகாமலே உயிர் நண்பர்களைக் காட்டிக்கொடுத்தார்கள். பெரும் கவிஞன் லூகன் பெற்ற தாயின் பெயரையே கொடுத்தான்.

மேடையேறிப் பாடியதில் என்ன தவறு?

நம் கண்ணுக்குத் தவறே இல்லை. ரோமானியச் சட்டத்தில் நடிகன் மதிப்பிழந்தவன். பேரரசன் கூலிக்கு ஆடுகிறவனைப் போல மேடையில் நிற்பது செனட்டர்களுக்குத் தாங்கமுடியாத அவமானம். மக்களுக்கு அது பிடித்தது. பயிற்சியில் அவன் உண்மையான ஈடுபாடு காட்டினான். குரலுக்காக உணவைக் கட்டுப்படுத்தினான், மல்லாந்து படுத்து மார்பில் ஈயத்தகடு வைத்துக்கொண்டான். போட்டி தொடங்குமுன் நடுவர்களிடம் பயபக்தியோடு பேசினான்.

தவறு கைதட்டலில் இருந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்களைக் கைதட்டுவதற்கென்றே பழக்கி வைத்திருந்தான். அவன் பாடும்போது அரங்கை விட்டு வெளியேற அனுமதியில்லை. கி.பி. 66-67-ல் கிரேக்கத்தில் சுற்றியபோது அவன் வசதிக்காக ஒலிம்பிக் போட்டியின் ஆண்டையே மாற்றினார்கள். பத்துக் குதிரைத் தேரிலிருந்து கீழே விழுந்தான், பந்தயத்தை முடிக்கவில்லை, பரிசு அவனுக்கே. அந்தப் பயணத்தில் 1808 வெற்றி மாலைகள் என்கிறார் டியோ. கிரேக்கர்களுக்கு வரி விலக்குக் கொடுத்தான், கொரிந்துக் கால்வாயை வெட்டத் தொடங்கினான். ஆர்மீனியாவில் அவனுக்காக வெற்றி ஈட்டித்தந்த தளபதி கோர்புலோவை அதே கிரேக்கத்துக்கு வரவழைத்துத் தற்கொலை செய்துகொள்ள ஆணையிட்டதும் இந்தப் பயணத்தில்தான். படைத்தலைவர்கள் பலரின் மனம் அவனைவிட்டு விலக அது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

நீரோவின் காசுகள் தமிழ்நாட்டில் கிடைத்திருக்கின்றனவா?

கிடைத்திருக்கின்றன. புதுக்கோட்டை அருகே கருக்காக்குறிச்சியில் 1898-ல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் நீரோவுடையவையும் உண்டு. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் யவன வணிகர்கள் கொண்டுவந்த பணம் அது. இந்தியாவுக்கு மட்டும் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் போகிறதே என்று பிளினி புலம்பினார்.

வெள்ளிக் காசில் நிலைமை வேறு. தீக்குப் பிறகு ஊரைக் கட்டவும் பொன்மாளிகை எழுப்பவும் பணம் தேவைப்பட்டது. ஒரு ரோமானிய பவுண்டு வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் நீரோ 96 அடித்தான், கலப்பும் சேர்த்தான். தமிழகத்தில் குவியலாகக் கிடைக்கும் வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் அவனுக்கு முந்தைய அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. எடை குறைந்த புதுக் காசு இங்கே செல்லவில்லை என்பதே ஆய்வாளர்கள் பலரின் விளக்கம்.

எப்படி வீழ்ந்தான்?

கி.பி. 68, மார்ச்சில் கால் (இன்றைய பிரான்ஸ்) பகுதியின் ஆளுநர் விண்டெக்ஸ் கிளர்ந்தான். அவன் தோற்றுச் செத்தாலும், ஸ்பெயினில் இருந்த ஆளுநர் கால்பாவைப் பேரரசர் என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். நீரோ படையை நடத்தத் துணியவில்லை. கடைசியில் மெய்க்காவல் படையையும் பணம் பேசிப் பிரித்துவிட்டார்கள். பணம் அறிவித்துத் தொடங்கிய ஆட்சி, அதே முகாமில் அதே வழியில் முடிந்தது.

நள்ளிரவில் விழித்தபோது காவலர்கள் யாரும் இல்லை. நண்பர்களின் கதவுகள் திறக்கவில்லை. ஃபயோன் என்ற ஊழியனின் ஊர்ப்புறத்து வீட்டுக்கு, வெறுங்காலோடு, முகத்தை மூடிக்கொண்டு குதிரையில் போனான். செனட் அவனைப் பகைவன் என்று அறிவித்து, அடித்துக் கொல்ல முடிவு செய்திருந்தது. குதிரைக் குளம்பொலி நெருங்கியதும் கத்தியைத் தொண்டையில் வைத்தான். அழுத்துவதற்குச் செயலாளன் எபாஃப்ரோடிட்டஸ் கை கொடுத்தான். என்ன ஒரு கலைஞன் என்னோடு சாகிறான் என்று அதற்கு முன் பலமுறை அழுதானாம். ஜூன் 9, வயது 30. ஒக்டாவியா கொல்லப்பட்ட அதே நாள் என்று சூட்டோனியஸ் குறிக்கிறார். உடலை எரித்து அடக்கம் செய்தவர்கள் இரண்டு செவிலித்தாய்மாரும், இளமையில் அவன் காதலித்த ஆக்டே என்ற முன்னாள் அடிமைப் பெண்ணும்தான்.

மக்கள் எல்லோரும் அவனை வெறுத்தார்களா?

இல்லை. ஊரில் கொண்டாட்டம் நடந்தது உண்மை. அதே ஊரில் நெடுங்காலம் அவன் சமாதியில் யாரோ பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே நான்தான் நீரோ என்று சொல்லிக்கொண்டு கிளம்பிய போலிகளுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்தது. அவனுக்கு வேண்டியவர்கள் புகழ்ந்தும் வேண்டாதவர்கள் கூசாமல் பொய் சொல்லியும் எழுதினார்கள் என்று அதே தலைமுறையைச் சேர்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ் சொல்கிறார். புகழ்ந்த நூல்கள் அழிந்துவிட்டன.

அவன் கட்டிய பொன்மாளிகை இன்றும் இருக்கிறதா?

ஒரு பகுதி நிலத்தடியில் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதை மண்ணால் நிரப்பி, மேலே வெந்நீர்க் குளியல் மண்டபங்கள் கட்டினார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியர்கள் கயிறு கட்டி உள்ளே இறங்கி, அந்தச் சுவரோவியங்களைப் பார்த்து வரைந்தார்கள். மாளிகைத் தோட்டத்து ஏரியைப் பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியன் வற்றவைத்து, அந்த இடத்தில் மக்களுக்கான பெரிய அரங்கைக் கட்டத் தொடங்கினார். பக்கத்தில் நீரோ நிறுத்தியிருந்த 30 மீட்டருக்கும் உயரமான வெண்கலச் சிலைக்குப் பெயர் கொலோசஸ். அதைச் சூரியக் கடவுளாக மாற்றினார்கள். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் 24 யானைகளைக் கட்டி இழுத்து இடம் மாற்றினார்கள். சிலை எப்போதோ போய்விட்டது. அதன் பெயர் அரங்கத்துக்கு ஒட்டிக்கொண்டு, இன்றும் அதைக் கொலோசியம் என்றே அழைக்கிறார்கள்.